நாளைக்குக் கப்பல் இருக்கா?

நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்கள் பத்திரிகை அலுவலகத்துத் தொலைபேசியில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "நாளைக்குக் கப்பல் இருக்கா?" வணக்கம் கிடையாது, பெயர் சொல்வது கிடையாது, எந்தக் கப்பல், எந்தத் திசை என்ற விவரமும் கிடையாது. குரலை வைத்தே யாருக்கு எது வேண்டும் என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியது என் வேலை.

ஈஜியன் கடலில், சைக்ளாடிஸ் தீவுக்கூட்டத்தின் நடுவே இருக்கிறது எங்கள் பாரோஸ். சுமார் 14,000 பேர் குடியிருக்கிறோம். ஆகஸ்டில் வந்து போகிறவர்களுக்கு இது வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் கட்டிய ஊர். பிப்ரவரியிலும் இங்கேயே இருப்பவர்களுக்கு, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரம் தள்ளி, காற்று சம்மதித்தால் மட்டும் மருத்துவரையும் நீதிமன்றத்தையும் பேரப்பிள்ளையையும் பார்க்க முடிகிற ஊர். முதலில் உள்ளூர் வானொலியிலும் பிறகு இரு வாரத்துக்கொரு முறை வரும் ஒரு சிறு பத்திரிகையிலும் நான் செய்தி எழுதியது இந்த இரண்டாவது ஊருக்காக.

கப்பல் புறப்படத் தடை வருவதை நாங்கள் அபகொரெஃப்டிகோ என்போம். தீவுப் பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் சொற்களில் இதுவும் ஒன்று. பள்ளி ஆசிரியர் ஊரிலிருந்து திரும்பி வரவில்லை என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். பொதுவாகக் காற்று 8 பொஃபோர் அளவை எட்டும் என்று தேசிய வானிலைத் துறை சொன்னால் பெரிய கப்பல்களையும் கட்டிப்போடுவார்கள். 8 என்றால் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வேகம். அதிவேகக் கப்பல்களும் சிறு படகுகளும் அதற்கு முன்பே நின்றுவிடும். இது குளிர்காலத்துக்கு மட்டுமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தேமி காற்று வீசும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் கப்பல் வராது. கையில் விமான டிக்கெட்டோடு துறைமேடையில் நிற்கும் வெளிநாட்டுக்காரருக்கு இதைப் புரியவைப்பதைவிட ஆட்டுக்கு வேலி போட்டுவிடலாம்.

தடை என்ற ஒரு சொல் ஊருக்குள் எப்படிப் பிரிகிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். மருந்துக்கடைக்காரர் இன்சுலின் பெட்டியை எண்ணுகிறார். கேஸ் சிலிண்டர் லாரிகள் பயணிகளோடு ஒரே கப்பலில் வர முடியாது, அவற்றுக்கென்று தனி நடை உண்டு. அந்த நடை தவறினால் அடுத்தது எப்போது என்று உணவுக்கடைக்காரர்கள் என்னைக் கேட்பார்கள். ஏதென்ஸ் பத்திரிகைகள் மூன்று நாளுக்கானவை ஒரே கட்டாக வந்து இறங்கும். கஃபெனியோ என்னும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அவற்றைத் தேதி வரிசையில்தான் படிப்பார்கள், பழசை விட்டுவிட்டுப் புதுசுக்குத் தாவ மாட்டார்கள். புற்றுநோய்க்கு ஏதென்ஸில் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டிய பெண்மணி ஒருவர் எப்போதும் இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பிவிடுவார். அவருடைய மருத்துவமனைத் தேதிகள் என் மேசை நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். தடை வரும்போல் தெரிந்தால் அவருக்கு நானே முதலில் சொல்லிவிடுவேன். பத்திரிகையில் அச்சேறாத இந்த மாதிரிச் செய்திகள் எங்கள் வேலையில் பாதி.

வானொலியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். "நாளை கப்பல்கள் ஓடும்" என்று வாசிக்க விடமாட்டார். "நீ என்ன கடலுக்குச் சொந்தக்காரனா? மாலை ஆறு மணிக்குத் தடை இல்லை, காலை அஞ்சு மணிக்குத் துறைமுக அலுவலகம் மறுபடி பார்க்கும்னு சொல்லு. நேரத்தைச் சொல்லு, மிச்சத்தைக் கேக்கறவங்க பார்த்துக்குவாங்க." எங்கள் வாசகர்களுக்குக் காற்று தெரியும். சன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரம் எப்படி ஆடுகிறது என்பதை வைத்தே பொஃபோர் எண்ணைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: பிரேயஸில் இருக்கும் அதிகாரி எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டார், அது எந்தக் கப்பலுக்கு, எது வரைக்கும். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த ஊரில் நிருபருக்கு மிஞ்சுவது அந்த மணியும் அந்தப் பெயரும்தான். இதைக் குறைவாக நினைக்கும் இளைஞர்கள் இந்த வேலையில் தங்கவில்லை.

தடை விதித்தால் முணுமுணுப்பவர்கள் எப்போதும் உண்டு. "எங்க தாத்தா காலத்துல இந்தக் காத்துல பாய் விரிச்சுட்டுப் போவாங்க" என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் தீவில் அந்தப் பேச்சு சட்டென்று ஓரிடத்தில் நின்றுவிடும். 2000 செப்டம்பர் 26. அன்று மாலை பிரேயஸிலிருந்து கிளம்பிய 'எக்ஸ்பிரஸ் சமினா' இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின்பு எங்கள் பரிக்கியா துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் போர்டெஸ் பாறைகளில் மோதியது. பாறை மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் மீனவர்கள் யாருக்கும் அந்தப் பாறை புதிதல்ல. கப்பலில் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எண்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அபாயக் குரல் கேட்டதும் பரிக்கியா மீனவர்கள் அந்தக் காற்றிலேயே தங்கள் மரப்படகுகளை எடுத்துக்கொண்டு போய் ஆட்களைத் தூக்கி வந்தார்கள். எங்கள் துறைமுக அதிகாரி அன்றிரவே மாரடைப்பில் போய்விட்டார்.

அந்த இரவைப் பற்றி வந்து கேட்பவர்கள் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கடலில் இல்லை. ஒலிபரப்பு அறையில் இருந்தேன். என் நினைவில் இருப்பது பட்டியல்கள். முதல் அரை மணி நேரம் கம்பளி, கார், வெளிநாட்டு மொழி தெரிந்தவர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். அதன் பிறகு ஏதென்ஸிலிருந்தும் சாமோஸிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கின. "என் தங்கச்சி அந்தக் கப்பல்ல வந்தா." கரையேறியவர்கள் ஒரே இடத்தில் இல்லை. சிலர் சுகாதார மையத்தில், சிலர் விடுதிகளில், சிலரை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கே அழைத்துப்போய் உலர்ந்த துணி கொடுத்து அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த வீடுகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரும்: "எங்க வீட்ல ஒரு பையன் இருக்கான், பேர் எழுதிக்கிறியா?" எழுத்துக் கூட்டச் சொல்லி, அப்பா பெயர், எந்த ஊர் என்று கேட்டு, முடிந்தால் அந்தப் பையனையே பேசச் சொல்லி, அதற்குப் பிறகுதான் வாசித்தோம். உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை மட்டும். இறந்தவர்களின் பெயர் ஒன்றிரண்டு காலைக்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவற்றை வாசிக்கவில்லை. தலைநகரத்துத் தொலைக்காட்சியிலிருந்து ஒருவர் அழைத்து, எங்களிடம் இருக்கும் "முழுப் பட்டியலை" அனுப்பச் சொன்னார். முழுப் பட்டியல் என்று ஒன்று அன்று யாரிடமும் இல்லை.

பெயர் விஷயத்தில் எங்கள் ஊர் கொஞ்சம் சிக்கலானது. முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் என்றால் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்ட நான்கு பேரன்கள் கிராமத்தில் திரிவார்கள். லெஃப்கெஸ் போன்ற மலைக் கிராமத்தில் யானிஸ் என்றோ நிகோஸ் என்றோ கூப்பிட்டால் தெருவே திரும்பும். அதனால் அப்பா பெயரும் வேண்டும், பட்டப்பெயரும் வேண்டும். பட்டப்பெயர்கள் பெரும்பாலும் மரியாதையானவை அல்ல, ஆனால் அது இல்லாமல் மரண அறிவிப்பு போட்டால் ஊர் குழம்பிவிடும். இறந்தவரின் மகள் வந்து, "அப்பாவை 'கோணவாயன்'னு போடாதீங்க, அசிங்கமா இருக்கு" என்பார். போடாவிட்டால் பாதிப் பேர் அடக்கத்துக்கு வரமாட்டார்கள் என்று சொல்லி, கடைசியில் அடைப்புக்குள் சின்ன எழுத்தில் போடச் சம்மதிக்க வைப்போம்.

ஒருமுறை எழுபது வயதுக்காரர் ஒருவர் கையில் எங்கள் பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தார். அறிவிப்பில் தவறு ஒன்றும் இல்லை. இறந்தது அவருடைய பெரியப்பா மகன், பெயர் இருவருக்கும் ஒன்று, தகப்பன் பெயரைச் சரியாகத்தான் போட்டிருந்தோம். ஆனால் யாரும் இரண்டாம் வரியைப் படிக்கவில்லை. இவர் கொத்தனார். மூன்று வேலை கைவிட்டுப் போயிருந்தது. "நான் இருக்கேன்னு போடு" என்றார். எப்படிப் போடுவது என்று யோசித்து, அவருடைய தொழில் விளம்பரம் ஒன்றை முதல் பக்கத்தின் அடியில் தொலைபேசி எண்ணோடு இலவசமாகப் போட்டோம். அந்த விளம்பரத்தை அவர் நிறுத்தவே இல்லை. அடுத்த இதழிலிருந்து காசு கொடுத்துப் போட்டுக்கொண்டார்.

மரணத்தைப் பத்திரிகை முந்த முடியாது. ஆர்த்தடாக்ஸ் வழக்கப்படி மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடக்கம் செய்துவிடுவார்கள். அதனால் முதலில் வருவது தாள். கறுப்புக் கரையிட்ட ஒரு தாளில் இறந்தவர் பெயர், எந்த மாதா கோவில், எத்தனை மணி, துக்கப்படுகிறவர்களின் பெயர்கள். மின்கம்பம், ரொட்டிக்கடைச் சுவர், துறைமுகப் பெட்டிக்கடை என்று ஒட்டிவிடுவார்கள். எங்கள் அச்சகத்தில் இரவு பதினொரு மணிக்கும் அதை அடித்துக் கொடுத்திருக்கிறோம். ஏதென்ஸிலிருக்கும் மகன் கப்பல் தடையால் வர முடியாமல் போனால் நேரம் மாறும். பழைய தாளின் மேலேயே புதிய தாளை ஒட்டுவார்கள். வெளியூரில் படித்த ஒரு பொறியாளர் இதையெல்லாம் தொலைபேசிச் செயலியில் போடலாமே என்று நகராட்சியில் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் மின்கம்பத்தின் முன்னால் நிற்பவர் தனியாக நிற்க மாட்டார், பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பார். அடக்கத்துக்கு யார் காரில் யார் போவது என்பது அங்கேதான் முடிவாகும்.

பத்திரிகைக்கு மிஞ்சுவது நாற்பதாம் நாள். நினைவு வழிபாட்டின் தேதி, அவித்த கோதுமையில் சர்க்கரையும் பாதாமும் மாதுளை முத்தும் கலந்த கொலிவா எங்கே தரப்படும் என்ற விவரம், மருத்துவமனைத் தாதிகளுக்கு நன்றி. இதையெல்லாம் செய்தி என்று ஏதென்ஸ் பத்திரிகைக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் இதழில் முதலில் திறக்கப்படும் பக்கம் அதுதான். அடுத்தது முறைப்பணியில் இருக்கும் மருந்துக்கடைகளின் பட்டியல். கடை மூடிய நேரத்தில், ஞாயிற்றுக்கிழமையில், எந்தப் பச்சைச் சிலுவைக்குக் கீழே விளக்கு எரியும் என்பதை மருந்தாளுநர்கள் முன்கூட்டியே முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியலை மட்டும் இரண்டு பேர் உரக்கப் படித்து ஒப்பிட்ட பிறகே அச்சுக்கு அனுப்புவோம். மேயரின் பேட்டிக்கு ஒருவர் படித்தால் போதும்.

காணாமல் போன ஆடு, கிடைத்த சாவிக்கொத்து, ஆலிவ் மரங்களுக்கு ஈ மருந்து அடிக்கும் நாள், சாக்கடை வேலைக்காக மூடப்படும் தெரு, மின்தடை நேரம். இவற்றைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரம் 2018-இல் கடலடிக் கம்பி வழியாகப் பெருநிலத்தோடு இணைந்த பிறகு தடை குறைந்தது. அதற்கு முன்பு எங்கள் டீசல் மின்நிலையம்தான் நக்ஸோஸ் முதலான அண்டைத் தீவுகளுக்கும் சேர்த்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் இரவில் எல்லா விடுதிகளும் குளிரூட்டியைப் போட்டால் நாங்கள் மெழுகுவர்த்தியில் பக்கம் அமைப்போம்.

தண்ணீர் அப்படித் தீரவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது, அதில் பழுது வந்தால் எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்ற அட்டவணை வேண்டும். எதிரே கண்ணுக்குத் தெரிகிற நக்ஸோஸில் 2024 கோடையில் பெரிய நீர்த்தேக்கமே வற்றிப்போனது. உருளைக்கிழங்குக்குப் பெயர்போன தீவு அது. கிணறுகளில் உப்புநீர் ஏறி விவசாயிகள் பயிரை இழந்தார்கள். அந்த ஆண்டு எங்கள் வாசகர்கள் நீச்சல்குளம் கட்டும் அனுமதிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். எத்தனை, எங்கே, யாருக்கு.

அனுமதிகளைப் பற்றிச் சொன்னால் தியாவ்கேயா இணையதளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2010-இல் வந்த ஒரு சட்டத்தின்படி கிரீஸில் எந்த அரசு அலுவலகமும் எடுக்கும் முடிவை அந்த இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண் விழும். நகராட்சி இரண்டு சக்கரவண்டி டயர் வாங்கினாலும் அங்கே இருக்கும். அதற்கு முன்பெல்லாம் நகராட்சி மன்றக் கூட்டத்தில் நள்ளிரவு வரை உட்கார்ந்து, கையைத் தூக்கியவர்களை எண்ணி, மறுநாள் செயலரிடம் கெஞ்சி நகல் வாங்குவோம். இப்போது காலைக் காப்பியோடு அதைப் புரட்டுகிறேன். பத்துப் பக்கம் சலிப்பு, பதினோராவது பக்கத்தில் ஒரு கடற்கரை.

அதே இணையம் எங்கள் வருமானத்தையும் அரித்தது என்பதைச் சொல்ல வேண்டும். சிறு ஊர்ப் பத்திரிகைகள் விற்பனையால் பிழைப்பதில்லை. நகராட்சியின் ஒப்பந்தப் புள்ளி, ஏல அறிவிப்பு போன்றவற்றை உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டாயம் வெளியிட வேண்டும் என்ற விதியால் பிழைத்தன. ஏலங்கள் இணையத்துக்குப் போயின, நிறுவனங்களின் வரவு செலவு அறிக்கைகளும் போயின. நகராட்சியைக் கண்டித்து எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நகராட்சியின் கட்டண அறிவிப்பு இருக்கும்; இரண்டுக்கும் நடுவில் ஆசிரியரின் முதுகெலும்பு. எங்கள் ஆசிரியருக்கு அது இருந்தது. கோடையில் உணவகங்களும் படகு வாடகைக்காரர்களும் தரும் விளம்பரத்தை வைத்துக் குளிர்காலத்தைக் கடத்தினார்.

பதினோராவது பக்கத்துக் கடற்கரைக்கு வருகிறேன். மணலில் சாய்வு நாற்காலியும் குடையும் போட நகராட்சி குத்தகை விடும். இத்தனை சதுர மீட்டர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், நாற்காலிகள் ஒப்பந்தத்தைத் தாண்டிக் கடல்வரை போய்விட்டன என்று. எங்கள் பிள்ளைகள் துண்டு விரிக்க இடமில்லை. 2023 கோடையில் ஊர்க்காரர்களே துண்டுகளையும் பதாகைகளையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடற்கரையாகப் போய் நின்றார்கள். அவர்களின் பலம் கூச்சலில் இல்லை. குத்தகை எண்ணையும் அளவையும் எடுத்து, வான்வழிப் படத்தோடு ஒப்பிட்டு, இத்தனை மீட்டர் அதிகம் என்று வரைபடமாகக் காட்டினார்கள். உலகத் தொலைக்காட்சிகள் வந்தன, மற்றத் தீவுகளிலும் பற்றிக்கொண்டது. 2024-இல் வந்த புதிய சட்டம் கடற்கரையில் குறைந்தது பாதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்றது. அந்த இயக்கம் செய்தது எங்கள் வேலை. நாங்கள் பல ஆண்டுகளாக எழுதியதுதான். ஆனால் நாங்கள் "அதிகப்படியாக" என்று எழுதினோம், அவர்கள் மீட்டரில் எழுதினார்கள். விளம்பரம் தருபவர்களில் சிலர் அந்தக் கடற்கரை உணவகக்காரர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வதந்திக்கு எதிராக எழுதுவது தனிக் கலை. 2025 பிப்ரவரியில் சாந்தோரினிக்கும் அமொர்கோஸுக்கும் நடுவே கடலடியில் ஆயிரக்கணக்கில் நடுக்கங்கள் வந்தன, பெரியது 5.3. சாந்தோரினியை விட்டுப் பத்தாயிரம் பேருக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சன்னல்களும் அதிர்ந்தன. 1956 ஜூலையில் அதே அமொர்கோஸ் பக்கம் வந்த பெரிய பூகம்பத்தைச் சிறுபிள்ளையாக அனுபவித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச ஆரம்பித்ததும் மற்றவர்களும் தூங்கவில்லை. "நாளை இரவு மூணு மணிக்குப் பெரிசா வருமாம்" என்று ஒரு குரல் பதிவு தொலைபேசிகளில் சுற்றியது. அது பொய் என்று மட்டும் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். பூகம்பத்துக்கு மணி சொல்ல யாராலும் முடியாது என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கத்தில் பயன்படுகிறதைப் போட்டோம்: உங்கள் கிராமத்தில் கூட வேண்டிய திறந்த வெளி எது, சுவரோரம் நிற்கக் கூடாத சந்துகள் எவை, நடக்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் யாரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததும் ஊர் கொஞ்சம் அடங்கியது.

அடுத்த மாதம் 31-ஆம் தேதி வெள்ளம். சில மணி நேர மழையில் எங்கள் நாவுசாவின் தெருக்கள் ஆறாகிக் கார்களைத் துறைமுகம் நோக்கி இழுத்துப்போயின. தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் 112 எச்சரிக்கையைக் கத்தின. அந்த ஒலி தெருவில் இறங்காதே என்று சொல்லும், எந்தத் தெருவில் என்று சொல்லாது. அதை நாங்கள் சொன்னோம். பரிக்கியாவிலிருந்து நாவுசா போகும் சாலை எந்த வளைவில் மறிக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பழைய ஓடை தன் வழியைத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறது. ஓடை இருந்த இடத்தை மூடிச் சாலையும் வாகன நிறுத்துமிடமும் கட்டியதைப் பற்றி அன்றைக்கு எழுதவில்லை. சேறு அள்ளி முடியட்டும் என்று காத்திருந்து, அனுமதி எண்களோடு பிறகு எழுதினோம்.

என்னிடம் இப்போது ஒரு பெண் வேலை கற்கிறாள். நன்றாக எழுதுகிறாள், கப்பல் தடையை நொடியில் இணையத்தில் ஏற்றிவிடுகிறாள். அவளுக்கு முதலில் கொடுத்த வேலை வீட்டு வாடகைப் பத்தி. ஆகஸ்டில் ஒரு இரவுக்குக் கிடைக்கும் காசு, குளிர்காலத்தில் ஒரு மாத வாடகை அளவுக்கு இருக்கும். அதனால் வீட்டுக்காரர்கள் செப்டம்பரிலிருந்து மே வரைதான் விடுகிறார்கள். ஜூன் பிறந்ததும் ஆசிரியரும் தாதியும் கடலோரக் காவலரும் மூட்டை கட்ட வேண்டும். சுகாதார மையத்துக்கு நியமனமான மருத்துவர்கள் வீடு கிடைக்காமலே திரும்பிப் போயிருக்கிறார்கள். கடுமையான நோயாளியை சிரோஸ் மருத்துவமனைக்கோ ஏதென்ஸுக்கோ அனுப்ப ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்கும் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆகவே பத்தியை இரண்டாகப் பிரித்தோம்: 'மே வரை' ஒன்று, 'பன்னிரண்டு மாதமும்' ஒன்று. இரண்டாவதற்குக் கட்டணம் கிடையாது.

போன செப்டம்பரில் மார்பிசா கிராமத்திலிருந்து ஒரு அம்மா அழைத்தார். பேசியது அந்தப் பெண்தான். பக்கத்தில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு அறை, கடல் தெரியும், மே வரைக்கும்னு எழுதிக்கோம்மா."

"எழுதிக்கிட்டேன் அம்மா. பன்னிரண்டு மாசத்துக்கும் விடுறதா இருந்தா இலவசமாப் போடுவோம்."

"இலவசமா? அதுல எத்தனை பேர் போட்டிருக்காங்க?"

"இந்த வாரம் இதுவரைக்கும் ரெண்டு."

"அப்ப என் வீட்டை அதுல போட்டா எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, இல்ல?"

"ஆமாம்மா."

"என் மருமகளைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை மதியம் வரை அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தாள். அச்சகம் அழைத்ததும் அங்கே தண்ணீர் நிறுத்த அட்டவணையைப் போட்டுப் பக்கத்தை அனுப்பினாள்.